ஹாஜியாரின் நோன்பு

ஸப்வானுக்குக் கையில் ஒரு சாமான் கிடைத்தால் அதைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. வெள்ளவத்தையில், காலிக்குப் போகிற பெரிய வீதியோரம் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிற மனிதனுக்கு அது தொழிலோடு ஒட்டிய குணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தொழிலுக்கு முந்தியே அவனிடம் அது இருந்தது. கல்யாணமான புதிதில் ஷிம்னாவின் வீட்டார் கொடுத்த மிக்ஸியைத் திறந்து பார்த்தான். திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. மிக்ஸி இன்றைக்கும் ஓடுகிறது. மிஞ்சின திருகாணியைப் பற்றி ஷிம்னாவும் இன்றைக்கும் பேசுகிறாள்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் திறந்து பார்த்துத் திருத்த முடியாத ஒரு கவலையை அல்லாஹ் கொடுத்தான். மகள் நிப்லாவுக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்துக் கெட்டுப் போகிற வியாதி. ஐந்து வயதில் நடை நின்றது. பிறகு தோள் விழுந்தது, பிறகு இடது கை. ஒன்பது வயதில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது வலது கையில் பெருவிரலும், மற்ற விரல்களில் ஏதோ கொஞ்சம் அசைவும்தான். மருந்து இல்லை என்று டொக்டர்மார் மரியாதையாகச் சொன்னார்கள். எவ்வளவு காலம் என்று ஸப்வான் ஒருமுறை கேட்டான். பதில் வந்தபோது ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே வீட்டை ஆண்டுகொண்டிருந்தாள் நிப்லா. காற்றாடியைக் கூட்டு, குறை, மூக்கு கடிக்குது, சொறிந்துவிடு, தலையை யன்னல் பக்கம் திருப்பு, இவ்வளவு இல்லை, கொஞ்சம் குறைய. இரண்டாம் மாடி யன்னலில் இருந்து பார்த்தால் கீழே ஒழுங்கை, ஒழுங்கையின் முடிவில் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். அவள் கடலைப் பார்ப்பதில்லை. மீன்காரனின் சைக்கிளைச் சுற்றுகிற பூனைகளைத்தான் பார்ப்பாள். எனக்கொரு பூனை வேண்டும் என்று ஒருநாள் கேட்டாள். அவளுடைய நெஞ்சுக்குப் பூனை மயிர் கூடவே கூடாது என்று டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"அப்ப நீங்க செஞ்சு தாங்க வாப்பா."

"பூனைய எப்படி மகள் செய்ற?"

"ஃபோன் செய்றீங்கதானே."

"நான் செய்றல்ல. உடைஞ்சதத் திருத்துற."

"அப்ப உடைஞ்ச பூனை ஒண்டத் திருத்தித் தாங்க."

ஸப்வான் மறுநாளே புஷ்பராஜைப் பிடித்தான். புஷ்பராஜ் ஹட்டன் பக்கத்துப் பையன், கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் மென்பொருள் எழுதுகிற வேலை, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். தண்ணீரில் விழுந்த ஃபோனோடு கடைக்கு வந்தவன், ஃபோன் பிழைத்த சந்தோஷத்தில் சிநேகிதனாகிவிட்டான். திரைக்குள் இருக்கப்போகிற பூனை அவன் பொறுப்பு, வெளியில் இருக்கிற பெட்டி ஸப்வான் பொறுப்பு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

நிப்லா பாலர் பாடசாலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் மூடியை வெட்டிச் சின்னத் திரை ஒன்றைப் பொருத்தினான் ஸப்வான். கடையில் விற்கிற விளையாட்டுச் சாமானின் பொத்தான் எதுவும் அவளுடைய விரலுக்குப் பணியாது. ஆகவே எல்லாவற்றையும் அந்த ஒரு கைக்கு அளவெடுத்தே செய்தான். பெருவிரல் விழுகிற இடத்தில் பழைய டிவி ரிமோட்டின் ரப்பர் பொத்தான். அதை அமத்தினால் பூனையின் கிண்ணத்தில் சோறு விழும். சின்ன விரல் தொடுகிற இடத்தில் செம்புத் தகடு. அதில் விரல் பட்டால் பூனையைத் தடவினதாகக் கணக்கு. வாய்க்குக் கிட்ட ஒரு குழாய். ஊதினால் தூங்குகிற பூனை எழும்பும். உள்ளங்கைக்கு அடியில், ஃபோன்களை அதிர வைக்கிற சின்ன மோட்டார் ஒன்றை ஒளித்து வைத்தான். பூனையைத் தடவினால் அது குர்ரென்று கையிலேயே உறுமும். பெட்டியை நாற்காலியின் கைப்பிடியில் கட்டி, அந்த உறுமலை முதன்முதல் அவள் உணர்ந்தபோது சிரித்த சிரிப்பைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஷிம்னா குசினிக்குள் போய் அழுதாள் என்று மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் புஷ்பராஜ் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "பாப்பா, சாப்பாடு குடுக்காம விட்டா பூனை செத்துப்போகணுமா, இல்ல சும்மா கோவிச்சுக்கிட்டா போதுமா?"

"சாகோணும்," என்றாள் நிப்லா. "சாகாட்டி அது பொம்மதானே."

காலை, பகல், இராவு என்று மூன்று வேளை. ஒரு வேளை தவறினால் பசிக்கும், மெலியும். ஒரு முழுநாள் தவறினால் போய்விடும். திரும்ப வராது. அப்படித்தான் எழுதினான் புஷ்பராஜ்.

பூனை சாம்பல் நிறம், தொப்பையோடு, உச்சந்தலையில் மட்டும் வட்டமாக வெள்ளை. தொப்பி போட்ட மாதிரி இருக்கிறதென்று அதற்கு ஹாஜியார் என்று பேர் வைத்தாள் நிப்லா. கீழ்வீட்டில் உண்மையான ஹாஜியார் ஒருவர் இருந்தார், அவருக்கும் தொப்பைதான். கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடு மகள் என்று ஷிம்னா கெஞ்சிப் பார்த்தாள். "ஹாஜியார் இன்னம் எழும்பல்ல", "ஹாஜியாருக்கு வயித்தால போகுது" என்று பிள்ளை சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல காலம், கீழ்வீட்டு ஹாஜியாருக்குக் காது மந்தம்.

விளையாட்டுத்தானே என்று நினைக்கலாம். அந்த வீட்டில் அது விளையாட்டாக இருக்கவில்லை. நிப்லாவுக்குச் சோறு ஊட்டுவது உம்மா, தூக்குவது வாப்பா, புரட்டிப் படுக்க வைப்பது இருவரும். உலகத்தில் எல்லாரும் அவளுக்குச் செய்தார்கள், அவள் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. ஹாஜியாருக்கு மட்டும் அவள் வேண்டியிருந்தது. அவள் விரல் அசைந்தால் அது சாப்பிடும், அசையாவிட்டால் பட்டினி. வருகிறவர்களிடம் அவள் சொல்கிற முதல் வசனமே, "நான்தான் சாப்பாடு குடுக்கிற" என்பதாக இருந்தது. அந்த வசனத்தைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த நிமிர்வை ஸப்வான் கவனித்திருந்தான். அதைக் காப்பாற்றுவதற்காக எதையும் செய்வான் போலிருந்தது. கடைசியில் செய்யக்கூடாததையும் செய்தான்.

பெருவிரல் தளர்ந்துகொண்டே வந்தது. ரப்பர் பொத்தான் பாரமாகிப் போனபோது கம்ப்யூட்டர் மௌஸின் உள்ளே இருக்கிற சின்ன சுவிட்சைக் கழற்றிப் போட்டான். அதுவும் பாரமானபோது சுவிட்சைத் திறந்து, உள்ளே இருக்கிற மெல்லிய தகட்டை இன்னும் மெல்லிதாக்கினான். மார்கழிக்கு முன்னால் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிறகு, ஊதக்கூடாது என்று குழாயைக் கழற்றினார்கள். செம்புத் தகட்டில் சின்ன விரல் தன்பாட்டில் கிடந்தது. விரலைத் தூக்கி வைக்க முடியாததால், அதைச் சோறு போடுகிற தகடாக மாற்றவும் வழியில்லை. ஹாஜியார் சாப்பாட்டு நேரத்தில் கிண்ணத்தடிக்கு வந்து கத்தும். நிப்லா உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை உந்துவாள். நெற்றியில் வியர்வை நிற்கும்.

டிசம்பரில் ஒரு பகல் ஹாஜியார் பட்டினி கிடந்தது.

"சுவிட்ச் பிழை வாப்பா," என்றாள் நிப்லா. முகம் வெளிறியிருந்தது.

ஸப்வான் கழற்றிப் பார்த்தான். சுவிட்சில் ஒரு பிழையும் இல்லை. நல்ல சாமானைப் பழுது என்று சொல்லி ஒரு வாடிக்கையாளனைக்கூட அவன் அதுவரை ஏமாற்றியதில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் அதற்காக அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள்.

"ஓ மகள், சுவிட்ச்தான் பிழை," என்றான்.

அன்றைக்கே புஷ்பராஜைக் கடைக்குக் கூப்பிட்டான். சாப்பாட்டு நேரம் வந்து பூனை கத்தத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும், விரல் அமத்தினாலும் அமத்தாவிட்டாலும் கிண்ணத்தில் சோறு விழவேண்டும். அமத்தினதைப் போலவே டிக் என்று சத்தமும் வரவேண்டும். இதுதான் அவன் கேட்டது.

புஷ்பராஜ் உடனே தலையாட்டவில்லை. "ஸப்வான் நானா, அது சரி வராதுங்க. புள்ள கெட்டிக்காரி, கண்டுபிடிச்சிரும்."

"விரல் பொத்தான் மேலதானே ஈக்கிற. அமந்ததா இல்லையாண்டு அவளுக்கே தெரியாது."

"தெரியாதுன்னா அது இன்னும் மோசம்."

"உங்களுக்குப் புள்ள இல்ல புஷ்பா," என்றான் ஸப்வான்.

இப்படி ஒரு வார்த்தையைப் போட்டால் அதற்குமேல் யாரால் வாதாட முடியும்? புஷ்பராஜ் எழுதிக் கொடுத்தான். அடுத்த நாள் பகல், நிப்லா விரலை உந்திக்கொண்டிருக்கையில் டிக் என்றது. சோறு விழுந்தது. ஹாஜியார் சாப்பிட்டார். "பாத்தீங்களா வாப்பா, சுவிட்ச்தான் பிழையா ஈந்த," என்று அவள் சிரித்தாள். ஸப்வானும் சிரித்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஸப்வானின் புளுகு அதைவிடக் கூடுதலாகவே ஓடியது. தை மாதத்தில் கிளினிக்குக்குப் போனபோது, பயிற்சி கொடுக்கிற சிங்கள மிஸ்ஸிடம் நிப்லா பெருமையடித்தாள். தினமும் மூன்று வேளை பொத்தான் அமத்துகிறேன், ஒரு வேளையும் தவறவில்லை என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். மிஸ் அவளுடைய பெருவிரலைத் தன் விரலில் வைத்து, அமத்து பார்ப்போம் என்றாள். நிப்லா அமத்தினாள். மிஸ் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, "ஹரி ஹொந்தய் துவ" என்று தலையைத் தடவினாள். ரொம்ப நல்லது மகள் என்று சொன்ன அதே வாயோடு ஸப்வானைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

நோன்பு வந்தது.

அந்த வருஷம் நிப்லாவுக்கு நோன்பு பிடிக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஒன்றுவிட்ட சகோதரிகள் எல்லாரும் பிடிக்கிறார்கள், ஃபோனில் கூப்பிட்டுக் கணக்குச் சொல்கிறார்கள். நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை மகள், உனக்கு மருந்து குடிக்க ஈக்கி, அல்லாஹ் கோவிக்கமாட்டான் என்று ஷிம்னா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அரை நோன்பாவது, பகல்வரைக்குமாவது என்று பேரம் பேசினாள் பிள்ளை. பகல் மருந்தை வெறும் வயிற்றில் கொடுக்க முடியாது. இல்லையென்றால் இல்லைதான். கடைசியில் அவள் அடங்கிப்போனாள். அவள் அடங்கினால் வேறெதையோ யோசிக்கிறாள் என்று அர்த்தம். தாய்க்கும் தகப்பனுக்கும் அது நன்றாகத் தெரியும். நோன்புக் களைப்பில் இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

ஒருநாள் ஸப்வான் நோன்பு திறக்கக் கடையிலிருந்து நேரத்தோடு வந்தான். ஷிம்னா கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றி, பேரீச்சம்பழத் தட்டையும் பொரித்த ரோல்ஸையும் மேசையில் வைத்தாள். நிப்லாவின் நாற்காலியை மேசைக்குக் கிட்டத் தள்ளி வைத்திருந்தார்கள். பெட்டி கைப்பிடியில் இருந்தது. அவளுடைய கை அதன்மேல் இல்லை, மடியில் கிடந்தது. ஸப்வான் முகம் கழுவி வந்து உட்கார்ந்து ஒரு பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"வாப்பா, ஹாஜியாரும் இண்டைக்கு நோன்பு," என்றாள் நிப்லா.

ஸப்வானுக்குச் சிரிப்பு வந்தது. "மாஷா அல்லாஹ். நிய்யத் வெச்சாரா?"

"நான்தான் வெச்சுக் குடுத்த. நேத்து ராவு உம்மா நாளைக்கு நோன்பு பிடிக்கிறண்டு நிய்யத் சொல்லக்குள்ள நான் அவருக்காகச் சொன்ன. எனக்குத்தான் பிடிக்க ஏலாதே. அவர் எனக்காகப் பிடிச்ச."

ஷிம்னாவின் கண் நிறைந்துவிட்டது. எழும்பி வந்து மகளின் நெற்றியில் முத்தம் வைத்தாள். ஸப்வான் பழத்தை விரலுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஆனா அவர் காலேலயும் பகலும் சாப்பிட்ட வாப்பா."

"நீங்க மறந்து அமத்தியிருப்பீங்க மகள்," என்றான் அவசரமாக. "மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாது. கிதாப்ல ஈக்கி."

"என்ட கை மடியில ஈந்த. காலேலேந்து மடியிலதான். உம்மாட்டக் கேளுங்க."

"ஓ, கை நோவுது, எடுத்து மடியில வைங்கண்டு சொன்ன," என்றாள் ஷிம்னா. அவளுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. கணவன் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு தரமும் அவர் வந்து கத்தின. நோன்பு, பொறுங்கண்டு சொன்ன. கொஞ்ச நேரத்தால டிக் எண்ட. சோறு விழுந்த." நிப்லா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மூச்சு அவ்வளவுதான் இருந்தது. "நான் தொடவே இல்ல வாப்பா. எப்படி விழுந்த?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். ஸப்வான் வாயைத் திறந்தான். பழக்கம் முந்திக்கொண்டது.

"அது மகள், பெட்டரி கொறைஞ்சா சிலநேரம் சுவிட்ச் தானா அமந்துடும். நாளைக்கு நான் கழட்டிப் பாக்கிறன். இது வழமையா வாற ஒரு…"

நிப்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை, அழவில்லை.

"வாப்பா," என்றாள். "நீங்க இன்னம் நோன்பு."

பொய் நோன்பைத் தின்றுவிடும் என்று அந்தப் பிள்ளைக்கு மடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். முழுநாளும் தண்ணீர்கூடக் குடிக்காமல் காப்பாற்றி வந்ததைக் கடைசி நிமிஷத்தில், கையில் பழத்தோடு, பெற்ற மகளுக்கு முன்னால் உடைத்துப்போட்டான். பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கியது.

"நோன்பத் திறங்க வாப்பா," என்றாள் நிப்லா. "பாங்கு சொல்றாங்க."

பழத்தை வாயில் போட்டான். தண்ணீர் குடித்து இறக்கினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"எப்பேந்து?"

"டிசம்பர்லேந்து மகள்."

"அதுக்குப் பொறகு நான் ஒரு நாளாவது குடுத்தா?"

ஸப்வானுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் கொழுவி, அவள் எத்தனை தரம் அமத்தினாள் என்கிற கணக்கை அவன் பலமுறை பார்த்திருக்கிறான். ஒன்றிரண்டு தடவை என்று இப்போதும் சொல்லலாம்.

"இல்ல மகள்," என்றான்.

நிப்லா யன்னல் பக்கம் பார்த்தாள். "கிளினிக் மிஸ்ஸுக்கிட்ட நான் பொய் சொல்லீக்கிற," என்றாள். பிறகு, "உம்மா, இதக் கழட்டி அங்கால வைங்க," என்றாள்.

அன்றிரவு ஷிம்னா கணவனிடம் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும். கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, முகத்தைப் பாராமல் சொன்னாள். "எல்லாம் நாங்கதான் அவளுக்குச் செய்ற. ஒண்டே ஒண்டத்தான் அவ செஞ்ச. அதயும் நீங்க செஞ்சிட்டீங்க."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நிப்லா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மூக்கு கடிக்குது என்றுகூடச் சொல்லவில்லை. அவர்களாகப் பார்த்துச் சொறிந்துவிட்டால் உண்டு. பெட்டி அலுமாரியின் மேல் இருந்தது. அதற்குள்ளே ஹாஜியார் யாருடைய தயவும் இல்லாமல் மூன்று வேளையும் சாப்பிட்டுக் கொழுத்துக்கொண்டிருந்தார். பகலில் அந்த டிக் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிள்ளையின் கண் ஒருதரம் மூடித் திறக்கும். ஷிம்னா அதைப் பார்த்துச் சொன்னபோது ஸப்வான் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பராஜ் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தான். ஸப்வான்தான் கூப்பிட்டிருந்தான். கண்ணைச் சிமிட்டினால் பூனைக்குச் சோறு விழுகிற மாதிரி, ஒரு சின்னக் கமராவை வைத்துச் செய்யலாம் என்று ஒரு யோசனையோடு வந்திருந்தான் அவன். நிப்லாவுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, அதை ஆசையாக விளக்கினான்.

"அது என்ட கை இல்லையே மாமா," என்றாள் நிப்லா.

"கை இல்லதான் பாப்பா. ஆனா நீங்கதானே செய்றது."

அவள் யோசித்தாள். "அது அடுத்த பூனைக்குச் செய்ங்க. ஹாஜியாருக்குக் கையாலதான் குடுக்கோணும். அவர் என்ட கையாலதான் சாப்பிட்டு வளந்த. அந்த டிக்க எடுத்துடுங்க. முந்தி மாதிரி ஆக்குங்க."

புஷ்பராஜ் ஸப்வானைப் பார்த்தான். "முந்தி மாதிரி ஆக்கினா… பாப்பா, அது செத்துப்போகுமே."

"தெரியும்," என்றாள். "ஆனா அதுவரைக்கும் நான்தான் குடுக்கிற."

ஸப்வானால் அங்கே நிற்க முடியவில்லை. பல்கனிக்குப் போனான். கீழே ரயில் ஒன்று போய் முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்ப வந்து, "அவ சொல்ற மாதிரிச் செய்ங்க புஷ்பா," என்றான்.

சுவிட்சை அவன் மறுபடியும் திறந்தான். அதிலிருந்த தகட்டை, ஈ உட்கார்ந்தாலும் அமந்துவிடுமோ என்கிற அளவுக்கு மெல்லிதாக்கினான். அதற்குமேல் மெல்லிதாக்கினால் அது தகடாகவே இருக்காது. இதுதான் கடைசி என்று அவனுக்குத் தெரியும், மகளுக்கும் சொன்னான். பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

காலை வேளைகளில் நிப்லாவுக்குக் கொஞ்சம் பலம் இருக்கும். முதல் நாள் காலையில் வெகுநேரம் உந்தினாள். முகமெல்லாம் வியர்த்து, மூச்சு இளைத்து, நிறுத்தி, மறுபடி உந்தி, கடைசியில் டிக் என்றது. அவள் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இது நான்," என்றாள். ஷிம்னா அந்த நேரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலை அப்படியே விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பகலும் இராவும் பெரும்பாலும் ஏலாது. காலையில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஹாஜியார் மெலிந்தார். தொப்பை போய்விட்டது. "நோன்பு மாசம்தானே, மெலியோணும்," என்றாள் நிப்லா. பழைய குரல் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. பெருநாளைக்கும் ஹாஜியார் உயிரோடு இருந்தார். நிப்லா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம், "காலையில மட்டும்தான் ஏலும், ஆனா நான்தான் குடுக்கிற," என்று சொன்னாள். பெருநாள் சாப்பாட்டை ஸப்வானால் அந்த வருஷம் ருசித்துச் சாப்பிட முடிந்தது.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் காய்ச்சலும் இருமலும் வந்தன. காய்ச்சல் இறங்கியது, இருமலும் குறைந்தது, ஆனால் போன பலம் வரவில்லை. அது திரும்புகிற சாதி வியாதி இல்லை. காய்ச்சலோடும் காலையில் எப்படியோ ஒருதரம் அமத்திவந்தவளுக்கு ஒருநாள் காலை வேளை தவறியது. பகலும் தவறியது. ஸப்வான் கடையைத் திறக்கவே இல்லை.

இராச் சாப்பாட்டு நேரம் வந்தது. ஹாஜியார் கிண்ணத்தடிக்கு எழும்பி வராமல், படுத்த இடத்திலிருந்தே ஒருதரம் கத்தினார். ஸப்வான் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். நிப்லாவின் பெருவிரல் சுவிட்சின் மேல் இருந்தது. அவள் உந்துகிறாள் என்பது கழுத்து நரம்பில்தான் தெரிந்தது. விரலில் ஒன்றுமே தெரியவில்லை. நிறுத்தினாள். மூச்செடுத்தாள். மறுபடி உந்தினாள்.

அவனுடைய விரலுக்கும் அந்தச் சுவிட்சுக்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவனை அறியாமல் கை நீண்டுவிட்டது.

"தொடவாணாம் வாப்பா."

கையை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான் ஸப்வான். ஷிம்னா பின்னால் வந்து அவனுடைய தோளைப் பிடித்தாள். நிப்லா இன்னும் ஒருதரம் உந்தினாள். பிறகு உந்துவதை நிறுத்திவிட்டு, உள்ளங்கையை அப்படியே பெட்டியின் மேல் கிடக்க விட்டாள். சின்ன விரல் செம்புத் தகட்டில் கிடந்ததால் ஹாஜியார் குர்ரென்று உறுமிக்கொண்டிருந்தார். கால்களை மடக்கினார். தொப்பி போட்ட தலையைக் கால்மேல் வைத்தார். சாவை எப்படிக் காட்டுவதென்று தெரியாமல் புஷ்பராஜ் அவ்வளவு மட்டும்தான் வரைந்திருந்தான்.

உறுமல் நின்றது.

"நிண்டுட்ட," என்றாள் நிப்லா.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலுமான மட்டும் பாத்த வாப்பா."

"ஓ மகள். நான் பாத்த."

"நீங்க ஒண்டும் செய்யல்லயே?"

"இல்ல மகள். ஒண்டுமே செய்யல்ல."

அதைக் கேட்டபிறகுதான் அவள் அழுதாள். சத்தமாக அழ மூச்சு இல்லை. கண்ணீர் மட்டும் இறங்கிக் காதுப் பக்கம் ஓடியது. ஸப்வான் கையை எடுக்கப் பயந்துகொண்டு அப்படியே இருந்தான். தன்னுடைய கை இனி எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"துடைக்கவா மகள்?"

அவள் கண்ணால் ஓம் என்றாள். ஸப்வான் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தான், அது விறைத்துப் போயிருந்தது. உடுத்தியிருந்த சாரத்தின் நுனியால் அவளுடைய கன்னத்தைத் துடைத்துவிட்டான்.

"மத்தக் கண்ணும்," என்றாள் நிப்லா.